கடப்பாரையும் உரிமமும்: செங்கல்பட்டு இருளர்களின் அரை நூற்றாண்டு

எலி வளை ஒன்றின் முன்னால் குந்தி உட்காரும் இருளர் முதலில் பார்ப்பது மண்ணின் மினுக்கத்தை. பாம்பு அடிக்கடி போய்வரும் வளையின் விளிம்பு, அதன் வயிற்றுச் செதில் உரசி உரசி, சாணம் மெழுகிய திண்ணைபோல வழவழப்பாகியிருக்கும். எலி மட்டும் புழங்கும் வளையின் வாயில் புதுமண்ணும் நகக்கீறலும் கடித்துப் போட்ட நெற்கதிரும் கிடக்கும். வாயை மூடிச் சிலந்தி கட்டிய வலை அறுபடாமல் இருந்தால், அந்த வழியாகச் சமீபத்தில் எதுவும் போகவில்லை என்று பொருள். பக்கத்துப் புல்லில் சிக்கிய பாம்புச் சட்டையின் துணுக்கு, காய்ந்து வெளுத்த எச்சம், மணலில் பதிந்த தடத்தின் அகலம் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்து, உள்ளே இருப்பது நாகமா சாரையா, இப்போது இருக்கிறதா நேற்றே போய்விட்டதா என்று முடிவுக்கு வந்த பிறகுதான் கடப்பாரை மண்ணில் இறங்கும். பெரும்பாலும் கணவனும் மனைவியும் சேர்ந்தே இந்த வேலைக்குப் போகிறார்கள். ஒருவர் தோண்ட, மற்றவர் வளையின் மறுவாயைப் பார்த்துக்கொள்வார்.

இந்த ஒரே திறமை, கடந்த நூறாண்டில் மூன்று வெவ்வேறு பெயர்களைப் பெற்றது. முதலில் அது தோல் வணிகத்தின் அடிமட்டக் கூலிவேலை. பிறகு சட்டப்படி குற்றம். அதன்பின் உயிர்காக்கும் மருந்துக்கான மூலப்பொருள் உற்பத்தி. வளைக்கு முன்னால் குந்தியிருந்தவரின் கையும் கண்ணும் மாறவில்லை. அவருக்கு வெளியே இருந்தவர்கள் அந்தக் கைக்கு வைத்த பெயர்தான் மாறியது. காட்டை நம்பி வாழ்ந்த மக்கள் நவீன வாழ்க்கைக்கு ஏற்பத் தங்களை மாற்றிக்கொள்வதைப் பற்றிப் பேசும்போது, இந்த வேறுபாட்டை மறந்துவிடுகிறோம் என்பது என் எண்ணம்.

இருளர் என்றதும் நீலகிரிச் சரிவும் அட்டப்பாடிப் பள்ளத்தாக்கும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். தனி மொழி பேசும் இருளர்கள் அங்கே வாழ்வது உண்மையே. ஆனால் வடதமிழகத்தின் சமவெளியில், செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர், விழுப்புரம் மாவட்டங்களில் தமிழ் பேசும் இருளர்கள் பெருந்தொகையாக வாழ்கிறார்கள். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் இருளர்களின் எண்ணிக்கை 1,89,661. மலையாளிப் பழங்குடிக்கு அடுத்தபடியாக மாநிலத்தின் இரண்டாவது பெரிய பழங்குடி இவர்கள். தோடர், கோத்தர், குறும்பர், பணியர், காட்டுநாயக்கர் ஆகியோருடன் சேர்ந்து, குறிப்பாக நலிவுற்றவை என்று ஒன்றிய அரசு வகைப்படுத்தியிருக்கும் ஆறு தமிழ்நாட்டுப் பழங்குடிகளில் இருளரும் அடக்கம்.

இவர்களுடைய காடும், காடு என்ற சொல்லைக் கேட்டதும் நாம் மனத்தில் வரைந்துகொள்ளும் காடு அல்ல. யானையும் அருவியும் அங்கே கிடையாது. களாவும் காரையும் சூரையும் பின்னிக்கிடக்கும் முட்புதர், அதன் நடுவே ஒன்றிரண்டு பாறைக்குன்று, குன்றின் அடியில் ஓர் ஏரி, ஏரிக்குக் கீழே நெல்வயல், வயலைத் தாண்டினால் பனங்காடு, அதற்கப்பால் உப்பங்கழி. வருவாய்த்துறைப் பதிவேட்டில் இதில் ஒரு பகுதி காப்புக்காடு, இன்னொரு பகுதி மேய்க்கால் புறம்போக்கு, மற்றொன்று நீர்நிலைப் புறம்போக்கு, மிச்சம் பட்டா நிலம். இருளருக்கு அது முழுவதும் ஒரே நிலம். ஐப்பசி மழைக்குப் பிந்தைய மாலையில் புற்றுக்கு அருகே விளக்கு வைத்து ஈசல் பிடிப்பதும், கோடையில் காட்டு வள்ளிக்கிழங்கு தோண்டுவதும், அறுவடை முடிந்த வயலில் எலி வளையைத் தோண்டி எலியையும் அது சேர்த்துவைத்த நெல்லையும் எடுப்பதும் இந்த நிலத்தின் வெவ்வேறு மூலைகளில், வெவ்வேறு பருவங்களில் நடந்த ஒரே வாழ்க்கைதான்.

1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் இந்த நிலத்தைக் கூறுபோட்டது. காப்புக்காடு என்று அறிவிக்கப்பட்ட பகுதிக்குள் அனுமதியின்றி எதையும் எடுப்பது தண்டனைக்குரியதானது. கிழங்கும் தேனும் மூலிகையும் எடுத்து வாழ்ந்தவர்கள், ஏற்கெனவே செய்துவந்ததையே இனி ஒளிந்து செய்ய வேண்டியிருந்தது. அவர்கள் கையில் மிஞ்சியவற்றுள் விலைபோகக்கூடியது பாம்பு. சென்ற நூற்றாண்டின் முற்பாதியில், ஐரோப்பியச் சந்தையில் செருப்பும் கைப்பையும் இடுப்பு வாரும் செய்யப் பாம்புத்தோலுக்கு ஏற்பட்ட தேவை, சென்னையின் தோல் வணிகர்கள் வழியாக இருளர் குடிசைவரை வந்து சேர்ந்தது. சாரையும் நாகமும் விரியனும் மலைப்பாம்பும் லட்சக்கணக்கில் உரிக்கப்பட்டன. பாம்பைப் பிடித்தவருக்குக் கிடைத்தது சில்லறை. இடைத்தரகர்களைத் தாண்டித் தோல் கப்பலேறும்போது அதன் விலை பல மடங்காகியிருக்கும். இருளர்களின் மரபான வாழ்க்கையை அழித்தது காட்டுயிர்ச் சட்டம்தான் என்று சிலர் எழுதுவதுண்டு. அது பாதி உண்மை. பாம்புத்தோல் வணிகமே வெளியுலகம் கொண்டுவந்ததுதான். சட்டம் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே அவர்கள் உலகச் சந்தையின் கடைக்கோடித் தொழிலாளிகளாகியிருந்தார்கள்.

1972இல் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. அடுத்த சில ஆண்டுகளில் பாம்புத்தோல் ஏற்றுமதியும் தடை செய்யப்பட்டது. பாம்புகளின் நிலையைப் பார்த்தால் தடை தேவையாகவே இருந்தது. அதில் எனக்கு ஐயமில்லை. எலியைத் தின்னும் சாரையை லட்சக்கணக்கில் உரித்துவிட்டு, எலி நெல்லைத் தின்கிறது என்று மருந்து வைத்த முரணையும் அது ஓரளவு நிறுத்தியது. ஆனால் தோலை வாங்கிய வணிகர் வேறு சரக்குக்கு மாறிக்கொள்ள முடிந்தது. பிடித்தவர் மாறுவதற்கு எதுவும் இல்லை. அந்தச் சட்டத்தின் 65ஆம் பிரிவு, நிக்கோபார் தீவுகளின் பழங்குடிகளுக்கு உள்ள வேட்டை உரிமையைச் சட்டம் பாதிக்காது என்று சொல்கிறது. நிலப்பரப்பின் பழங்குடிகளைப் பற்றி அப்படி ஒரு வரி அதில் இடம்பெறவில்லை. கடலுக்கு அப்பால் இருந்தவர்களின் வாழ்க்கை சட்டம் எழுதியவர்களின் கண்ணில் பட்டது. சென்னையிலிருந்து ஒரு மணிநேரப் பயணத் தொலைவில் இருந்தவர்களின் வாழ்க்கை படவில்லை.

இந்த நெருக்கடிக்கு விடையாகத்தான் 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம் உருவானது. பாம்பியல் ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கர் இளமையிலிருந்தே இருளர்களோடு சுற்றிப் பாம்புகளைக் கற்றவர். பாம்பைக் கொல்லாமல் பிடித்து, நஞ்சை மட்டும் எடுத்துக்கொண்டு, மறுபடி காட்டில் விடலாம் என்ற யோசனை அவரும் இருளர்களும் சேர்ந்து உருவாக்கியது. மாமல்லபுரத்துக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள வடநெம்மேலியில், அவர் நிறுவிய முதலைப் பண்ணை வளாகத்திலேயே சங்கம் இயங்கத் தொடங்கியது. காட்டுயிர்ச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, உயிர்காக்கும் மருந்து தயாரிப்பதற்காகப் பாம்பு நஞ்சு சேகரிப்பதைத் தனி அனுமதிக்குரிய நோக்கங்களில் ஒன்றாக ஏற்கிறது. தடைசெய்த அதே சட்டத்துக்குள் இருந்த சிறிய வாசல் அது. எத்தனை பாம்புகளை, எந்தெந்த வகையில், எந்தப் பகுதியில் பிடிக்கலாம் என்பதை வனத்துறையின் அனுமதி முடிவுசெய்கிறது. சங்கத்தின் நிர்வாகமோ தொழில்துறையின் கீழ் வருகிறது. ஒரு கடப்பாரைக்கு இரண்டு துறைகள்.

சங்கத்துக்கு நான்கு வகைப் பாம்புகள்தான் வேண்டும்: நாகம், கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். நாட்டில் மிகுதியான பாம்புக்கடி இறப்புகளுக்குக் காரணம் என்று மருத்துவ உலகம் நெடுங்காலமாகக் கருதிவருபவை இவைதான். பிடித்துக்கொண்டு வரும் பாம்பின் எடையும் நீளமும் குறிக்கப்பட்ட பிறகு, அது வாயகன்ற மண்பானைக்குள் போகிறது. பானைக்குள் கொஞ்சம் மணல் இருக்கும். வாயைப் பருத்தித் துணியால் மூடிக் கயிற்றால் கட்டுவார்கள். இருட்டும் குளிர்ச்சியும் சேர்ந்த மண்பானை, வளையைப் போலவே பாம்பை அமைதியாக வைத்திருக்கிறது. கண்ணாடித் தொட்டியைவிட இது மலிவு, பாம்புக்கும் நல்லது. யாரும் ஆய்வகத்தில் கண்டுபிடிக்காத ஏற்பாடு இது.

நஞ்சு எடுக்கும் நாளில், பானையிலிருந்து வெளியே எடுத்த பாம்பின் தலையைக் கொக்கியால் மெல்ல அழுத்தி, கழுத்தைக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே பற்றி, மெல்லிய தோல் இழுத்துக் கட்டிய கண்ணாடிக் குவளையின் விளிம்பில் கொண்டுபோய் வைப்பார்கள். பாம்பு கடிக்கும், பற்கள் தோலைத் துளைத்து உள்ளே இறங்கும், குவளையின் அடியில் மஞ்சளாய் ஓரிரு துளி வழியும். சுருட்டை விரியன் ஒன்றிடம் கிடைப்பது சில மில்லிகிராம் மட்டுமே. ஒரு கிராம் உலர்நஞ்சு சேர எத்தனை சுருட்டையைப் பிடித்திருக்க வேண்டும் என்பதை வாசகரே கணக்கிட்டுக்கொள்ளலாம். ஒரு பாம்பிடம் வாரத்துக்கு ஒருமுறையாக நான்கு முறை நஞ்சு எடுத்த பிறகு, வயிற்றுச் செதிலில் ஓர் அடையாள வெட்டு வைத்து, அதைக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். அடுத்த முறை அதே பாம்பு கையில் சிக்கினால் அந்த வெட்டு காட்டிக்கொடுக்கும். பிடித்தவர் அதை அப்படியே விட்டுவிட வேண்டும். நஞ்சு உறைநிலையில் உலர்த்தப்பட்டுத் தூளாகிறது. முதலைப் பண்ணைக்கு வரும் சுற்றுலாப் பயணிகள் கட்டணம் செலுத்தி இந்தக் காட்சியைப் பார்க்கலாம்.

இந்தத் தூள் பின்னர் மருந்து நிறுவனங்களுக்குப் போகிறது. அங்கே மிகச் சிறிய அளவுகளில் குதிரைகளுக்கு நஞ்சு செலுத்தப்பட்டு, அவற்றின் குருதியில் உருவாகும் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுத்து நச்சுமுறிவு மருந்து தயாரிக்கப்படுகிறது. நாட்டின் நச்சுமுறிவு மருந்து உற்பத்திக்கு வேண்டிய நஞ்சில் ஏறத்தாழ 80 விழுக்காட்டை இந்தச் சங்கம் நெடுங்காலமாகக் கொடுத்துவந்ததாகக் கணக்கிடப்படுகிறது. 2020இல் வெளியான ஆய்வு ஒன்று, 2000 முதல் 2019 வரையிலான இருபது ஆண்டுகளில் இந்தியாவில் பாம்புக்கடியால் ஏறத்தாழ 12 லட்சம் பேர் இறந்திருக்கலாம் என்று மதிப்பிட்டது. அதாவது ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் அளவில். கடிபட்ட ஒருவருக்குத் தொடக்கத்திலேயே எட்டு முதல் பத்துக் குப்பிகள் தேவைப்படும். பீகாரிலோ ஒடிசாவிலோ இரவில் தரையில் படுத்திருந்து கட்டு விரியனிடம் கடிபட்டு, மருத்துவமனை சேர்ந்து பிழைத்த ஒருவரின் உடலில் ஏறிய மருந்தின் தொடக்கம், செங்கல்பட்டுப் பக்கம் ஓர் எலி வளையின் வாயில் குந்தியிருந்த ஒருவரின் கண்ணில் இருந்திருக்க வாய்ப்பு மிகுதி.

இருளர்கள் நவீன மருத்துவத்தைச் சார்ந்திருக்கிறார்கள் என்று சொல்வது எளிது. நவீன மருத்துவமும் அவர்களைச் சார்ந்திருக்கிறது. ஆனால் இரு தரப்பிலும் உரிமம் தேவைப்படுவது இவர்களுக்கு மட்டும்தான். ஆண்டுதோறும் அனுமதி வர வேண்டும். வரத் தாமதமானால் அந்த மாதங்களில் பானைகள் காலியாகக் கிடக்கும், சங்க உறுப்பினர் வேறு கூலிக்குப் போவார். இந்தியாவில் பல கூட்டுறவுச் சங்கங்கள் கடனிலும் ஊழலிலும் மூழ்கியபோது, ஒரு பழங்குடிச் சங்கம் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் தாக்குப்பிடித்து நின்றது பெரிய காரியம்தான். ஆயினும் அதன் உறுப்பினர்கள் முந்நூற்றைம்பது பேர் அளவில்தான். ஏறக்குறைய இரண்டு லட்சம் மக்களுள் முந்நூற்றைம்பது பேர்.

மற்றவர்கள் என்ன ஆனார்கள் என்பது அவ்வளவு இனிய கதையல்ல. வடமாவட்டங்களில் கொத்தடிமைத்தனத்திலிருந்து மீட்கப்பட்டவர்களைப் பற்றிய செய்திகளில் இருளர் என்ற பெயர் திரும்பத் திரும்ப வரும். அரிசி ஆலை, செங்கல் சூளை, சவுக்குத் தோப்பு, வேலிக்கருவேல மரம் வெட்டிக் கரிமூட்டம் போடுமிடம் ஆகியவை அந்த இடங்கள். திருமணத்துக்கோ மருத்துவச் செலவுக்கோ முன்பணமாக வாங்கிய சில ஆயிரம், குடும்பம் முழுவதையும் ஆலைக்குள்ளேயே ஆண்டுக்கணக்கில் கட்டிப்போடும். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்தது. பாம்புத்தோல் வணிகம் முடிவுக்கு வந்த காலமும் அதுவே. கிழங்கு எடுக்கக் காடும், விற்கத் தோலும் இல்லாதவர் முன்பணம் நீட்டுபவரிடம் போவது இயல்பு. ஒரு வழியை அடைத்த அரசு, இன்னொரு வழி எங்கே கொண்டுவிடுகிறது என்று எட்டிப் பார்க்கவில்லை.

இங்கே இரண்டு காகிதங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒன்று சாதிச் சான்றிதழ். மற்ற வகுப்பினர் பலருக்கு வட்டாட்சியர் நிலையிலேயே கிடைக்கும் சான்றிதழ், தமிழ்நாட்டில் பழங்குடியினருக்குக் கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியரிடமிருந்து வர வேண்டும். போலிகள் பட்டியலில் நுழைவதைத் தடுக்கச் செய்த ஏற்பாடு இது, நோக்கம் சரியானதே. ஆனால் தந்தையின் பள்ளிச் சான்றையும் பிறப்புப் பதிவையும் கேட்கும் நடைமுறையில், பள்ளிக்கே போகாத தந்தையின் பிள்ளை என்ன காட்டும்? சான்றிதழ் இல்லையென்றால் உதவித்தொகையும் விடுதியும் இட ஒதுக்கீடும் இல்லை. முதல் தலைமுறையாகப் பத்தாம் வகுப்பைத் தொட்ட பிள்ளை, அடுத்த படியில் நிற்பது பெரும்பாலும் இந்தக் காகிதத்துக்காகத்தான்.

இன்னொன்று மனைப்பட்டா. இருளர் குடிசைகள் ஏரிக்கரையிலும் கால்வாய் ஓரத்திலும் இருப்பதற்குக் காரணம் உண்டு: புதரும் வயலும் தண்ணீரும் சந்திக்கும் இடம் அதுதான், எலியும் மீனும் பாம்பும் மூலிகையும் அங்கேதான் கிடைக்கும். பதிவேட்டில் அந்த இடம் நீர்நிலைப் புறம்போக்கு. அதில் பட்டா தர முடியாது. ஏரிகளைக் காக்க வேண்டும் என்று நீதிமன்றங்கள் கண்டிப்பாக ஆணையிடும்போது, பல அடுக்குக் கட்டடங்களுக்கு முன்பாக அகற்றப்படுவது ஓலைக் குடிசை. மாற்றிடம் தரப்படும்போது அது ஊருக்கு வெளியே, புதரிலிருந்தும் வயலிலிருந்தும் தள்ளி இருப்பதுண்டு. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் காட்டில் வாழ்வோரின் நில உரிமையை ஏற்றுக்கொண்டது. தமிழ்நாட்டில் நீதிமன்றத் தடையால் அதன்கீழ் பட்டா வழங்குவது பல ஆண்டுகள் தள்ளிப்போனது. தடை நீங்கிய பிறகும், மலைக்காட்டில் வாழ்வோருக்கு எளிதில் பொருந்தும் அந்தச் சட்டம், புறம்போக்கில் குடியிருந்து காப்புக்காட்டில் கிழங்கெடுக்கும் சமவெளி இருளருக்குக் கைகொடுப்பது கடினமாகவே இருக்கிறது. 2023 நவம்பரில் ஒன்றிய அரசு நலிவுற்ற பழங்குடிகளுக்காகத் தொடங்கிய திட்டம் வீடு கட்டப் பணம் தருகிறது. வீட்டுக்கு மனை வேண்டும். மனைக்குப் பட்டா வேண்டும்.

காகிதம் வரும்வரை மக்கள் காத்திருக்கவில்லை. செங்கல்பட்டுக்கு அருகே தண்டரையில், 1980களில் உருவான இருளர் பழங்குடிப் பெண்கள் நலச் சங்கம், மூலிகை நாற்றங்காலும் மருந்துத் தயாரிப்புமாக வேறொரு அறிவைத் தொழிலாக்கியது. எலி பிடிப்பவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பயன்படுத்தியது, அடியில் ஓட்டையிட்ட மண்பானை. உள்ளே வைக்கோலைக் கொளுத்தி, பானையின் வாயை வளையில் பொருத்தி, ஓட்டையில் வாய்வைத்து ஊதினால் வளைக்குள் புகை நிறையும். அதே புகை ஊதுபவரின் நெஞ்சிலும் இறங்கும். சூட்டில் உதடு வெந்துபோகும். கைப்பிடி சுற்றினால் புகையைத் தள்ளும் உலோகக் கருவி 2000களின் தொடக்கத்தில் இந்தப் பகுதியில் அறிமுகமானபோது அதை அவர்கள் தயங்காமல் எடுத்துக்கொண்டார்கள். மரபைக் கைவிட்டோம் என்று யாரும் வருந்தியதாகத் தெரியவில்லை. வெளியிலிருந்து பார்ப்பவருக்குத்தான் மண்பானை அழகு.

பக்கத்து மாநிலத்தில் இதே கேள்விக்கு வேறொரு விடை கிடைத்தது. கர்நாடகத்தின் சாமராஜநகர் மாவட்டத்தில், தமிழக எல்லையை ஒட்டிய பிலிகிரி ரங்கசாமி மலையில் வாழும் சோலிகர்கள், 1974இல் அந்த மலை காட்டுயிர்ச் சரணாலயமானபோது காட்டின் உள்பகுதிகளிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். தரைச்சருகை மட்டும் எரிக்கும் சிறு நெருப்பை அவர்கள் ஆண்டுதோறும் இடுவது வழக்கம், அதுவும் தடைசெய்யப்பட்டது. அதன்பிறகுதான் உண்ணிச்செடி காட்டை மூடியது என்று சோலிகர் முதியவர்கள் சொல்லிவந்ததை ஆய்வாளர்கள் பின்னர் கவனத்தில் எடுத்துக்கொண்டார்கள். 2006இல் தேனும் நெல்லியும் எடுப்பதும் அங்கே தடைபட்டது. 2011இல் மலை புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டில் 25 சோலிகர் ஊர்களுக்கு வன உரிமைச் சட்டத்தின்கீழ் சமூக வன உரிமை வழங்கப்பட்டது. புலிகள் காப்பகம் ஒன்றுக்குள் அப்படி நடந்தது நாட்டில் அதுவே முதல்முறை. சோலிகரிடம் இன்று இருப்பது நிலத்தின் மீதான உரிமை. செங்கல்பட்டு இருளரிடம் இருப்பது ஒரு திறமையைப் பயன்படுத்துவதற்கான அனுமதி. முன்னதைத் திரும்பப் பெறுவது கடினம்; பின்னது ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்கப்பட வேண்டியது.

அந்தத் திறமைக்கு வெளியுலகில் மதிப்பு இல்லாமல் இல்லை. அமெரிக்காவின் புளோரிடாவில், வளர்ப்புப் பாம்புகளாக வந்து சதுப்புநிலத்தில் பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளை ஒழிக்க அந்த மாநில அரசு போட்டியே நடத்திப் பார்த்தது. 2016இல் ஆயிரம் பேருக்கு மேல் கலந்துகொண்ட போட்டியில் ஒரு மாதத்தில் சிக்கியவை 106. அடுத்த ஆண்டு ஜனவரியில், பாம்பு பிடிக்கும் இருளர்களான மாசி சடையனும் வடிவேல் கோபாலும் அங்கே அழைத்துச் செல்லப்பட்டார்கள். முன்பின் கண்டிராத நிலம், அறியாத செடிகொடிகள். முதல் எட்டு நாட்களில் அவர்கள் 13 மலைப்பாம்புகளைப் பிடித்தார்கள். அவற்றுள் பதினாறு அடிப் பெண் பாம்பு ஒன்று, கைவிடப்பட்ட பழைய ஏவுகணைத் தளத்தின் நிலத்தடிக் குழிக்குள் சுருண்டிருந்தது. 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. விருது அறிவிப்பு வந்த வாரத்தில் ஊடகங்கள் அவர்களுடைய வீட்டு வாசலில் நின்றன. அந்தத் தெருவில் எத்தனை பேருக்கு மனைப்பட்டா இருக்கிறது என்று கேட்ட செய்தியாளர்கள் குறைவாகவே இருந்திருப்பார்கள்.

அடுத்த தலைமுறை இதைக் கற்கிறதா என்பது தனிக் கேள்வி. பாம்பின் தடத்தைப் படிப்பது ஏழெட்டு வயதில் பெற்றோருக்குப் பின்னால் நடந்து வரும் கல்வி. அந்த வயதில் பிள்ளை பள்ளியில் இருக்க வேண்டும், இருப்பதும் நல்லதுதான். விடுமுறைக்கு விடுதியிலிருந்து வரும் பிள்ளைக்குப் புதர் பழகுவதற்குள் விடுமுறை முடிந்துவிடும். உயிரைப் பணயம் வைக்கும் தொழிலைப் பிள்ளை செய்ய வேண்டாம் என்று நினைக்கும் பெற்றோரைக் குறைசொல்ல, அந்தத் தொழிலைச் செய்யாத நமக்கு என்ன தகுதி? அரிய அறிவு அழிகிறதே என்று அங்கலாய்ப்பவர்கள் எவரும் தம் பிள்ளையை அதைக் கற்க அனுப்பப்போவதில்லை.

மாறாமல் நடப்பது ஒன்றும் உண்டு. மாசி மாதப் பௌர்ணமியில் வடமாவட்டங்களின் இருளர்கள் ஆயிரக்கணக்கில் மாமல்லபுரம் கடற்கரைக்கு வருகிறார்கள். சேலைகளையும் கழிகளையும் கொண்டு மணலில் சிறு சிறு கூடாரங்கள் எழும். இரவு முழுவதும் பாட்டும் குறிகேட்பதுமாகக் கழியும். விடியும் நேரத்தில், கடலலை தொடும் இடத்தில் மணலால் படி அமைத்து, பூவும் பழமும் வைத்துக் கன்னியம்மனைக் கும்பிடுவார்கள். பெண் பார்ப்பது, நிச்சயம் செய்வது, தாலி கட்டுவது, பிள்ளைக்கு மொட்டையடித்துப் பெயர் வைப்பது எல்லாம் அங்கேயே நடக்கும். அரிசி ஆலையில் வேலைசெய்பவரும் சங்க உறுப்பினரும் கல்லூரி மாணவியும் அந்த ஓர் இரவில் அடுத்தடுத்த கூடாரத்தில் இருப்பார்கள். ஆண்டு முழுவதும் ஏரிக்கரை ஏரிக்கரையாகச் சிதறிக்கிடக்கும் மக்கள், தாங்கள் எத்தனை பேர் என்று கண்ணால் பார்ப்பது அன்றுதான்.

நஞ்சுத் தொழிலின் எதிர்காலம் இப்போது வேறிடங்களில் பேசப்படுகிறது. ஒரே வகைப் பாம்பின் நஞ்சும் வட்டாரத்துக்கு வட்டாரம் மாறுபடுகிறது. தமிழ்நாட்டுப் பாம்பின் நஞ்சைக் கொண்டு செய்த மருந்து, வடக்கிலும் மேற்கிலும் கடிபட்டவருக்கு எதிர்பார்த்த அளவு வேலை செய்யாமல் போகலாம் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அப்படியானால் பல மாநிலங்களில் நஞ்சு சேகரிக்க வேண்டும். அங்கே பாம்பு பிடிக்கக் கற்றுத்தருபவர்களாக இருளர்களை அழைக்கலாம். அல்லது பாம்புகளைக் காட்டுக்குத் திருப்பி அனுப்பாமல் கூண்டிலேயே வளர்த்து நஞ்செடுக்கும் நிலையங்களை அமைத்து, அவர்களைத் தேவையற்றவர்களாக்கலாம். 2024இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் ஆய்வு நிறுவனமும், நாகம், கட்டு விரியன் குடும்பத்தின் நரம்பு நஞ்சை முறிக்கும் செயற்கை எதிர்ப்பொருள் ஒன்றை ஆய்வகத்தில் உருவாக்கியதாக அறிவித்தன. அது மருந்தாக வர ஆண்டுகள் ஆகலாம். வரும் நாளில் குதிரையும் வேண்டியிருக்காது, பானையும் வேண்டியிருக்காது. கடிபடும் ஏழைக்கு அது நல்ல செய்தி. முன்பு தோலுக்கு நேர்ந்ததுபோல நஞ்சுக்கும் சந்தை முடிந்தால், அதற்கு முன்பாகவே வேறு ஏற்பாடு செய்ய இந்த முறையாவது அவகாசம் இருக்கிறது.

அதுவரை பாம்புகளைத் திருப்பி விடும் வேலை தொடர்கிறது. நான்கு முறை நஞ்சு கொடுத்து, வயிற்றில் வெட்டடையாளத்துடன் துணிப்பையில் ஏறும் கண்ணாடி விரியனுக்குத் தேவை முட்புதரும் எலியும் ஆள் நடமாட்டமில்லாத நிலமும். பழைய மாமல்லபுரம் சாலைக்கும் கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் நடுவே, இருளர்கள் ஒரு காலத்தில் கண்ணாடி விரியன் பிடித்த புதர்களில் பல, இன்று எண் எழுதிய கல் நட்ட மனைப்பிரிவுகள். அந்த மனைகளில் எழுந்த வீடுகளிலிருந்து, பாம்பு வந்துவிட்டது, உடனே வந்து பிடியுங்கள் என்று அழைப்பு வரும்போது, கொக்கியோடு போகிறவர்களில் இருளரும் இருக்கிறார். பிடித்ததை எங்கே கொண்டுபோய் விடுவது என்பதை அவர் வனத்துறையிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.